சுத்தமல்லி விலக்கில் நிற்கும் வண்டி: ஒரு பழைய ஸ்பிளெண்டரின் பெட்ரோல் கோளாறு

காலையில் திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவிக்குப் போகும்போது வண்டி நிற்கும். சாயங்காலம் அதே ரோட்டில் திரும்பி வரும்போது நிற்காது. இரண்டு மாதத்துக்கு மேலாக இதுதான் கதை. இரண்டு பட்டறையில் காட்டியாயிற்று. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவியாயிற்று. பிளக், அதற்குக் கரண்டு கொடுக்கும் காயில் இரண்டும் மாற்றியாயிற்று. வண்டி தன் வழக்கத்தை மட்டும் விடவில்லை. கடைசியில் காரணம் கிடைத்தபோதுதான், கோளாறு கார்பரேட்டரில் தொடங்கவே இல்லை என்று தெரிந்தது. பழைய வண்டி வைத்திருக்கிற பலர் இதே மாதிரி அலைவதைப் பார்க்கிறேன். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வண்டி

அப்பா 1998-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். டி.என். 72 நம்பர், 97.2 சிசி, நாலு கியர், கிக்கர் மட்டும். இருபது வருடத்துக்கு மேல் அப்பா இதில்தான் வேலைக்குப் போய் வந்தார். பிறகு என் கைக்கு வந்தது. இன்ஜினில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பஸ் நிலையம், சிந்துபூந்துறை எல்லாம் தண்ணீருக்குள் போயின. எங்கள் வீடு சிந்துபூந்துறையில். வாசலில் ஸ்டாண்டு போட்டிருந்த வண்டி டேங்க் மூடி வரைக்கும் முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஹெட்லைட்டுக்குள்கூட வண்டல்.

பட்டறையில் இன்ஜின் ஆயிலை இரண்டு தடவை மாற்றினார்கள். டேங்கில் இருந்ததைக் கொட்டிவிட்டு, கார்பரேட்டரைக் கழுவி, ஏர் பில்டரைப் புதிதாகப் போட்டார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனது. அந்த நேரத்தில் ஊரில் நூற்றுக்கணக்கான வண்டிகள் பட்டறை வாசல்களில் வரிசையில் நின்றன. அவ்வளவு செய்து கொடுத்ததே பெரிய காரியம். ஐந்து மாதம் நன்றாகத்தான் ஓடியது.

புகார்

2024 வைகாசிக் கடைசியில் தொடங்கியது. காலை எட்டு மணிக்குக் கிளம்புவேன். டவுன், பேட்டை வரை நெரிசலில் பையப் போகும், ஒரு குறையும் தெரியாது. பேட்டை தாண்டி ரோடு விரிந்ததும் ஐம்பதில் பிடிப்பேன். சுத்தமல்லி விலக்கு வருவதற்குள் இழுவை குறையும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்னும் மோசமாகும், கொஞ்சம் விட்டால் கொஞ்சம் தேறும். அப்புறம் இரண்டு மூன்று தடவை குலுங்கிவிட்டு அடங்கிவிடும். ஓரமாகப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு உதைத்தால் ஒரே உதையில் ஸ்டார்ட். மறுபடியும் நாலைந்து கிலோமீட்டர். பத்தமடையில் இன்னொரு நிறுத்தம்.

கூடவே இரண்டு விஷயம் கவனித்திருந்தேன். ஒன்று, திங்கட்கிழமை டேங்கை நிரப்பினால் அன்றும் மறுநாளும்தான் தொல்லை அதிகம். வெள்ளிக்கிழமை வாக்கில் டேங்க் பாதிக்குக் கீழே போனதும் தொல்லை குறையும். பங்க் பெட்ரோலில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்து மூன்று பங்க் மாற்றினேன், பலன் இல்லை. இன்னொன்று, சில நாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையில் கையகலத்துக்கு ஈரமும் பெட்ரோல் வாடையும் இருக்கும். ஓட்டத்தில் பெட்ரோல் போதாமல் நிற்பதற்கும், நிற்கும்போது பெட்ரோல் வழிவதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து, இதைப் பட்டறையில் சொல்லவே இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பட்டறைகளில் நடந்தது எல்லாம் ஒரே மாதிரிதான். கார்பரேட்டரைக் கழற்றுவார்கள், பெட்ரோலில் கழுவுவார்கள், காற்றடித்து மாட்டுவார்கள். மூன்று நான்கு நாள் தேவலாம் என்றிருக்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

ரோட்டோரச் சோதனை

ஆவணி முதல் வாரம் பத்தமடையில் வண்டி நின்ற இடத்துக்கு எதிரே ஒரு சின்னப் பட்டறை. வயதான அண்ணாச்சி ஒருவர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நான் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், "உதைச்சுப் பாக்காதிய தம்பி, அப்படியே நிறுத்துங்க" என்றார். பெட்ரோல் டேப்பை அவரே மூடினார். தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பாதியாக வெட்டி, கார்பரேட்டருக்கு அடியில் பிடித்துக்கொண்டு, அதில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு சுற்றுத் திருகினார். ஏழெட்டுச் சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

ஸ்க்ரூவை மூடி, டேப்பைத் திறந்து, ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தார். மறுபடி டேப்பை மூடிவிட்டு ஸ்க்ரூவைத் திறந்ததும் இந்தத் தடவை ஒழுக்காகக் கொட்டியது.

"சட்டியில இருந்தாத்தான ஆப்பையில வரும். பிளக்கையும் காயிலையும் மாத்துனா சட்டி ரொம்புமா?" என்றார்.

இத்தனை நாளில் யாரும் செய்யாத சோதனை இது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி நின்ற கையோடு, அந்த இடத்திலேயே செய்ய வேண்டும் என்பதுதான் இதில் விஷயம். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் கிண்ணம் மெதுவாக நிரம்பிவிடும், சாட்சி அழிந்துவிடும். கிண்ணம் காலியாக இருந்தால் கரண்டு சம்பந்தப்பட்ட எதையும் தொட வேண்டாம், பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஓட்டையான ஜெட்டையும் தொட வேண்டாம். பெட்ரோல் கிண்ணத்துக்கு வந்து சேரும் வழியில்தான் அடைப்பு. கிண்ணம் நிறைந்திருந்தும் வண்டி நின்றால் அப்புறம் ஜெட், பிளக், காயில் என்று போகலாம்.

அண்ணாச்சி அடுத்துக் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. "ஏத்தத்துல நிக்கா, சமத்துல நிக்கா? டேங்கு ரொம்பி இருக்கையிலயா, கொறஞ்சு இருக்கையிலயா? இழுவ கொறையும்போது சோக்கப் போட்டுப் பாத்தியளா?" காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டுப் பார்த்திருந்தேன். போட்டால் ஐந்தாறு நொடி உயிர் வரும், பிறகு அடங்கும். கலவையில் பெட்ரோல் குறைகிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சிதான். டேங்க் நிறைந்திருந்தால் தொல்லை அதிகம் என்று சொன்னதும் அவர் கார்பரேட்டரை விட்டுவிட்டு டேங்க் மூடியைப் பார்க்கத் தொடங்கினார்.

காலைக்கும் மாலைக்கும் கணக்கு

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டால் எல்லாம் விளங்கும். என் வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தருகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 830 மில்லி. நிமிடத்துக்குச் சுமார் 14 மில்லி. கார்பரேட்டர் கிண்ணம் இரண்டு மேசைக்கரண்டிகூடப் பிடிக்காது. மேலேயிருந்து நிமிடத்துக்கு 14 மில்லிக்குக் குறையாமல் இறங்கிக்கொண்டிருந்தால் கிண்ணம் நிறைந்தே இருக்கும். ஐந்து மில்லி குறைந்தால்கூட நாலைந்து நிமிடத்தில் கிண்ணம் தீர்ந்துவிடும். ஐம்பது வேகத்தில் அது மூன்று நாலு கிலோமீட்டர் தூரம். பேட்டைக்கும் விலக்குக்கும் நடுவில் நடந்தது அதுதான். டவுனுக்குள் இருபது, முப்பதில் ஓடும்போது செலவு குறைவு, அதனால் அங்கே தெரியவில்லை.

சரி, காலையில் மட்டும் ஏன்? வைகாசி முடியும்போது செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கும். குற்றாலம், தென்காசிப் பக்கம் அது சாரலோடு வரும். எங்கள் பக்கம் வந்து சேரும்போது பெரும்பாலும் வெறும் காற்று. கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகிற மாதங்கள் இவை. காலையில் நான் போவது மேற்கே, காற்றைக் கிழித்துக்கொண்டு. அதே ஐம்பதைப் பிடிக்க ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக முறுக்க வேண்டும். பெட்ரோல் செலவு நிமிடத்துக்கு 18, 20 மில்லியைத் தொடும். சாயங்காலம் கிழக்கே வரும்போது காற்று முதுகைத் தள்ளும்; பத்துப் பன்னிரண்டிலேயே காரியம் முடிந்துவிடும். அடைப்பின் வழியாக இறங்கிய பெட்ரோல் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்திருக்கிறது. வைகாசிக்கு முன்பே அடைப்பு இருந்திருக்கும்; காற்று வந்துதான் காட்டிக்கொடுத்தது.

இதை யூகமாக விடாமல் அளந்து பார்த்தோம். கார்பரேட்டரில் மாட்டியிருக்கும் டியூபைக் கழற்றி, மில்லி கோடு போட்ட பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்து, கைப்பேசியில் நேரம் பார்த்தேன். முதல் அரை நிமிடம் நல்ல ஒழுக்கு. பிறகு ஒழுக்கு நூலாக மெலிந்தது. மூன்றாவது நிமிடத்தில் வந்தது மொத்தமே 15 மில்லி. அப்போது அண்ணாச்சி சாவியைப் போட்டு டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. நூல் மறுபடி ஒழுக்கானது. மூடி திறந்தபடியே அடுத்த நிமிடம் அளந்ததில் 45 மில்லி. அண்ணாச்சியின் பழக்கக் கணக்குப்படி இந்த அளவு வண்டிக்கு நூறுக்குக் குறையக் கூடாது. ஆக அடைப்பு இரண்டு இடத்தில். ஒன்று மூடியில், இன்னொன்று அதற்குக் கீழே.

மூடி

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடிக்குள் ஒரு வளைந்த சின்ன வழி இருக்கிறது. அது அடைந்தால் டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோலை மேலேயே பிடித்து நிறுத்திவிடும். பானையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டால் அடி ஓட்டையில் தண்ணீர் வராது, அதே விஷயம்தான். டேங்குக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், அந்த உயரத்துப் பெட்ரோலின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒன்றரை சதவீதம்தான். உள்ளே ஒன்றரை சதவீதம் குறைந்தாலே ஒழுக்கு நின்றுவிடும். டேங்க் நிறைந்து மேலே அரை லிட்டர் காற்றுதான் இருக்கிறது என்றால் ஏழெட்டு மில்லி இறங்கினாலே போதும், அந்த நிலை வந்துவிடும். ஐந்து லிட்டர் காற்று இருந்தால் எழுபது எண்பது மில்லி இறங்க வேண்டும். பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டும், என் மூடியிலும் முழு அடைப்பு இல்லை. அதனால் நடப்பில் இவ்வளவு கறாராக இருக்காது. ஆனால் திங்கட்கிழமை தொல்லைக்கும் வெள்ளிக்கிழமை நிம்மதிக்கும் இதுதான் காரணம். நான் மாற்றிய மூன்று பங்க்குக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூடியைக் கழற்றி அடித்தகட்டைப் பிரித்தபோது உள்ளே வண்டல். வெள்ளம் வடிந்த பிறகு தரையில் படிந்து வெடித்துக் கிடக்குமே, அதே சாம்பல் நிற மண், அதே மெல்லிய ஓடு ஓடாக. பழைய பல் துலக்கும் பிரஷாலும் வெந்நீராலும் கழுவி, வாயை வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் போகிறதா என்று பார்த்து மாட்டினோம். கார்பரேட்டரை மூன்று தடவை கழுவிய கைகளில் ஒன்றுகூட இந்த மூடியைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

டேங்க்

வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை டேங்கை இறக்கினேன். வாசலில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத இடத்தில், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டேன். இருந்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டில்களில் பிடித்து அசையாமல் வைத்தேன். அரை மணி நேரத்தில் கடைசிப் பாட்டிலின் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தனி அடுக்கு தெரிந்தது. அதற்கும் அடியில் செம்மண் மாதிரித் துரு. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, எப்போதும் கீழேதான் நிற்கும். டேங்கின் தாழ்ந்த மூலை, ரிசர்வ் வாய்க்கும் கீழே இருக்கும் இடம். அங்கே நின்றது டேப் வழியாக இறங்கவே இறங்காது. ஒருமுறை கொட்டிக் கவிழ்த்தாலும் விளிம்புகளில் தங்கிவிடும்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும் குணமுள்ளது. கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கரைத்து எடுத்துக்கொண்டு போய் இன்ஜினில் எரித்துவிடும், நல்லதுதான். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அந்த அடுக்கு இரும்பையும், கார்பரேட்டர் வார்க்கும் துத்தநாகக் கலவையையும் அரிக்கும். முங்கிய வண்டியில் இன்றைய பெட்ரோலை ஊற்றி நிறுத்தி வைக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

டேப்பைக் கழற்றியதும் டேங்குக்குள் நிற்கும் சல்லடைக் குழாய் வெளியே வந்தது. சல்லடை என்று சொன்னால்தான் தெரியும். பார்க்க நாமக்கட்டி மாதிரி இருந்தது. மேல் நுனியில் மட்டும் நாலைந்து கண் திறந்திருந்தது. அந்த நாலைந்து கண் வழியாகத்தான் 45 மில்லி வந்திருக்கிறது. கழுவிய பிறகு மூன்று நான்கு நாள் தேவலாம் என்று இருந்ததற்கும் இதில் விளக்கம் இருந்தது: கழற்றி மாட்டும்போது குலுங்கித் துரு கொஞ்சம் விலகும், பிறகு மறுபடி வந்து ஒட்டும்.

துருவை எடுக்க அம்மா புளியைச் சொன்னாள். பித்தளைக்குப் புளி போடுகிற வீட்டில் அது இயல்பான யோசனைதான், புளியின் புளிப்புக்குத் துருவைக் கரைக்கிற சக்தியும் உண்டு. ஆனால் அதன் சக்கையும் நாரும் டேங்குக்குள் மாட்டினால் வேறு வினை. எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வாங்கினேன். பத்து லிட்டர் வெந்நீருக்கு 700 கிராம். டேப் மாட்டும் ஓட்டையை சைக்கிள் டியூப் வட்டமும் போல்ட்டும் போட்டு அடைத்தேன். ஊற்றுவதற்கு முன் வெறும் தண்ணீரோடு முப்பது நட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். எண்ணிப் போட்டு எண்ணி எடுத்தோம்; இருபத்தொன்பதுதான் வந்தது என்றால் அந்த ஒன்றைத் தேட ஒரு நாள் போகும். பிறகு எலுமிச்சை உப்புத் தண்ணீரை வாய் வரை நிரப்பி ராத்திரி முழுக்க வைத்தேன். பெயின்டில் சிந்தியதை உடனுக்குடன் துடைத்தேன். காலையில் தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாக மாறியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இரும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. விளிம்பு மடிப்பில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் இன்னும் ஐந்து மணி நேரம் விட்டேன்.

இதற்கு அடுத்த அரை மணி நேரம்தான் முக்கியமானது. ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, உடனே காயவைக்க வேண்டும். சுத்தமான ஈர இரும்பு கண் முன்னாலேயே பூக்கும். தெருமுனைப் பஞ்சர் கடையில் சொல்லி வைத்திருந்தேன். டேங்கைத் தூக்கிக்கொண்டு ஓடி, காற்றடித்து, உச்சி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். காய்ந்ததும் கால் லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி டூ-டி ஆயில் கலந்து உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டி வழிய விட்டேன். அந்த ஆயில் படலம் மாட்டும் வரைக்கும் காவல். ஓட்டை எதுவும் இல்லாததால் உள்பூச்சுப் போடவில்லை. பூச்சு சரியாகப் பிடிக்காமல் உரிந்தால் அதுவே அடுத்த அடைப்பு.

அழுக்குப் பெட்ரோலை வாய்க்காலில் கொட்ட மனசு வரவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். துரு அடங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் பிரித்து, பட்டறையில் பாகம் கழுவக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில்தான் கார்பரேட்டர்

இப்போது கார்பரேட்டரைத் திறப்பதற்கு அர்த்தம் இருந்தது. மேலேயிருந்து குப்பை வருவது நின்ற பிறகு கழுவினால்தான் கழுவியது நிற்கும்.

ராத்திரி வழிவதற்கான காரணம் ஊசியில் இருந்தது. கிண்ணம் நிரம்பியதும் மிதவை மேலே வந்து, ஊசியை அதன் இருக்கையில் அழுத்தி, வழியை அடைக்கும். ஊசியின் ரப்பர் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சுற்றிலும் மோதிரம் போட்ட மாதிரி ஒரு பள்ளம். இருக்கையில் ஒரு துரு மணல் உட்கார்ந்திருந்தது. நெல்லளவுகூட இல்லை, அதில் கால்வாசி. அது இருந்தால் ஊசி முழுக்க அடையாது, ராத்திரி முழுக்கச் சொட்டும். ஓட்டத்தில் பெட்ரோல் போதாமைக்கும் நிறுத்தத்தில் வழிவதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்தேனே, இரண்டும் ஒரே டேங்கின் துருதான். புது ஊசி போட்டோம், இருக்கையைத் துணிக் குச்சியால் துடைத்தோம். மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பார்த்தோம். குமிழி வரவில்லை என்பதால் அது நல்லது.

கிண்ணத்தின் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது, தண்ணீர் நின்று அரித்த அடையாளம். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அதில் பாதி வெள்ளையாக இருந்தது. இதைக் குத்துவதற்குச் சிலர் சைக்கிள் பிரேக் கம்பியை எடுப்பார்கள். அப்படிச் செய்யக் கூடாது. பித்தளையைவிட எஃகு கடினம், ஓட்டை பெரிதாகும், பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. கரண்டு வயரைச் சீவி ஒற்றைச் செம்பு இழையை எடுத்து, கார்பரேட்டர் கிளீனர் அடித்து, ஒரு நாள் ஊறவிட்டு, பைய நுழைத்தோம். மெயின் ஜெட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வட்டம் ஒரு பக்கம் கோணலாக இருந்தது. யார் எப்போது குத்தினார்களோ. அதே நம்பரில் புதியது போட்டோம். உடம்பில் இருக்கும் நுண்ணிய வழிகளைக் காற்றடித்து, ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் விரலில் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

மாட்டிய பிறகு கிண்ணத்துப் பெட்ரோல் மட்டத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வடிகால் வாயில் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூப் ஒன்றை மாட்டி, அதைக் கார்பரேட்டர் ஓரமாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வடிகால் ஸ்க்ரூவைத் திறந்தால், கிண்ணத்துக்குள் எந்த மட்டமோ அதே மட்டம் டியூபில் நிற்கும். கிண்ணமும் உடம்பும் சேரும் கேஸ்கட் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பத்து நிமிடம் பார்த்தோம், ஏறவில்லை. ஊசி அடைக்கிறது என்று அர்த்தம். மிதவை நாக்கை வளைக்க வேண்டிய வேலை இல்லை.

பழைய பெட்ரோல் டியூப் விரலால் அமுக்கினால் கல் மாதிரி இருந்தது, அதையும் மாற்றினோம். நடுவில் கண்ணாடி மாதிரித் தெரியும் சின்ன வலை பில்டர் ஒன்று. காகித பில்டர் வேண்டாம் என்றார் அண்ணாச்சி. பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் பெட்ரோலுக்கு அது தடையாகலாம். டியூப் எங்கேயும் மேலே வளைந்து இறங்கக் கூடாது. வளைவில் காற்று மாட்டினால் மறுபடி பழைய தொல்லைதான்.

டியூனிங்கில் நிறையப் பேர் தடுமாறுவது ஒரு ஸ்க்ரூவில். அது ஸ்லைடுக்கு (ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கார்பரேட்டருக்குள் ஏறி வழி திறக்கும் கதவு) முன்னால், ஏர் பில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். ஸ்லைடுக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் திருகினால் எதிர்த்திசையில்தான் போவோம். முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை விட்டபோது இன்ஜின் சுற்றும் வேகம், எங்கே அதிகமாகவும் சீராகவும் வருகிறதோ அங்கே விட்டு, பிறகு ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்து நிமிடத்துக்கு 1,400 சுற்று வாக்கில் வைத்தோம். இதெல்லாம் சூடான இன்ஜினில். குளிர்ந்த இன்ஜினில் வைத்த டியூனிங் பேட்டை தாண்டாது.

பிறகு

மூடி போட்டபடி அளந்ததில் முதல் நிமிடமும் மூன்றாவது நிமிடமும் ஒன்றுபோல வந்தது, நூறு மில்லிக்கு மேலே. மறுநாள் டேங்கை நிரப்பி, வேண்டுமென்றே காற்று பலமாக இருந்த காலையில், ஐம்பதில் சேரன்மகாதேவி வரை நிறுத்தாமல் போனேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முன்பு சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது, இப்போது பிஸ்கட் நிறம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று கொஞ்சம் குறைவாகத்தான் வேண்டும். வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இருபது சதவீதக் கலப்புக்கு 13.5 அளவில். அதனால் பழைய ஜெட்டில் கலவை சற்று மெலிந்துதான் ஓடும். ஆனால் பிளக் நிறம் சரியாக இருந்ததால் ஜெட் அளவைக் கூட்டவில்லை.

உண்மையான பரீட்சை அடுத்த வருடக் காற்றில்தான் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். 2025 ஆனியும் ஆடியும் வந்து போயின. விலக்கில் ஒரு நாளும் நிற்கவில்லை. வாசல் தரை காய்ந்தே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிண்ணத்தின் வடிகாலைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறேன். முதல் தடவை அடியில் கடுகளவு துரு இருந்தது, பில்டர் வலையில் ஐந்தாறு துணுக்கு. அதற்குப் பிறகு இரண்டும் சுத்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி நனைந்தால் மறுநாளே டேங்க் மூடியைத் திறந்து, வாயை வைத்து ஊதிப் பார்த்துவிடுகிறேன்.